'இங்கே வா': துரைமார் கற்ற தமிழ்

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, நீண்ட காலமாக நோர்வேயில் வாழும் நண்பரொருவர் அண்மையில் ஊருக்கு வந்திருந்தார். நோர்வேஜிய மொழியைக் கற்ற கதையைச் சொன்னார். வகுப்பறையில் படித்ததைவிட, வேலைத்தளத்திலும் கடைத்தெருவிலும் பனி கொட்டும் பஸ் தரிப்பிடங்களிலும் படித்ததே அதிகமாம். ஆனால், வயது முதிர்ந்த ஆசிரியையையும் 'டூ' என்று ஒருமையில் விளிக்க அவருடைய நா எளிதில் இணங்கவில்லை. அங்கே மரியாதைப் பன்மை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. எல்லோரும் எல்லோருக்கும் 'டூ'தான்.

அவர் பேசிக்கொண்டிருக்கையில், இதே மலைகளில் எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒரு மொழிப்பயிற்சி என் நினைவுக்கு வந்தது.

1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெயிலர், 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பியை நோய் அழித்த பின்னர் மலைநாடெங்கும் தேயிலை பரவியது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த மக்களே காட்டை வெட்டினர், கொழுந்து கொய்தனர். அவர்களிடம் வேலை வாங்க வந்த வெள்ளை இளைஞர்களுக்கு ஆங்கிலம் மட்டும் போதவில்லை. தமிழ் தேவைப்பட்டது.

அந்தத் தேவைக்கென்றே கொழும்பில் கைநூல்கள் அச்சாயின. பெர்குசன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதிய 'சின்னத்துரை'க்கான சட்டைப்பை வழிகாட்டியின் தலைப்பே 'இங்கே வா' என்பதுதான். 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் என்பவரின் நூல் வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள் 'கூலித் தமிழ்'. நூற்றாண்டுகள் பழைமையான இலக்கியம் கொண்ட ஒரு மொழி, ஏவல் வினைகளின் பட்டியலாகச் சுருங்கியதை இவ்விரு தலைப்புகளே சொல்லிவிடுகின்றன.

துரைமார் இத்தமிழைப் பழகிய பள்ளி பிரட்டுக்களம். விடியலில் தப்பு முழங்க, தொழிலாளர் வரிசையில் நிற்பர், பெயர் பதிவாகும், வேலை பிரிக்கப்படும். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே பிரட்டு ஆயிற்று என்பர். குடியிருப்பு வரிசை 'லயன்' ஆயிற்று. நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டவை கங்காணி, துரை, துண்டு ஆகிய சொற்கள்.

இந்தத் 'துண்டு' வெறும் காகிதமன்று. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்பேன் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதித்தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தும். கடன் தொழிலாளியின் தலையில் அப்படியே இருக்கும். தமிழ்ச்சொல் ஒன்று தமிழனுக்கே விலங்கானது. 1921இல்தான் இம்முறை ஒழிக்கப்பட்டது.

அதே காலத்தில் வேறொரு தமிழும் மலையேறியது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசையர் தம் ஏட்டிலும் துண்டுப் பிரசுரங்களிலும் தொழிலாளரை மனிதராக மதித்து எழுதினார். வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் அவர் புடைவை வியாபாரி வேடத்தில் சென்றதாகவும் சொல்லப்படுகிறது. 1931இல் அவர் தொடங்கிய தொழிற்சங்கத்துக்கு ஹட்டனே களமாயிற்று. பின்னர், தோட்டத்திலேயே பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கினார். கைநூல்கள் கேளாத குரல் அப்பாடல்களில் இருக்கிறது. கங்காணிமீது கோபமும் துரைமீது எள்ளலும் பிரிந்த ஊரின் ஏக்கமும் அங்கே முழுத் தமிழில் ஒலிக்கின்றன.

துரைமார் தமிழ் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. பலர் சரளமாகவே பேசினர். ஆனால், 'நீ' என்பதைக் கற்றவர்கள் 'நீங்கள்' என்பதைத் தொழிலாளியிடம் பயன்படுத்தத் தேவை எழவில்லை. நோர்வேயின் ஒருமை இருபுறமும் செல்வது. தோட்டத்தின் ஒருமையோ மேலிருந்து கீழே மட்டும் இறங்குவது.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பின்னர் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. வெள்ளையர் போய்விட்டனர், 'துரை' என்ற சொல் போகவில்லை.

நண்பர் புறப்படுவதற்கு முதல்நாள், எழுபது வயது கடந்த தம் அத்தையின் சேமலாப நிதி விடயமாக ஒரு தோட்ட அலுவலகத்துக்குச் சென்றாராம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர், தமிழர்தான், நிமிர்ந்து பாராமலே அந்த மூதாட்டியை அழைத்தாராம்:

"இங்கே வா."

அந்தக் கைநூலை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.