பவுணை வென்ற ரூபாய்

தன் முத்திரை இல்லாத நாணயத்தை மக்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலினின்றும் ஓர் அரசாங்கம் விலக்கிவிட முடியுமா? பிட்கொயின் முதலிய மெய்நிகர் நாணயங்களைக் குறித்து இவ்வினா இந்நாளில் எழுப்பப்படுகின்றது. இலங்கைக்கு இது புதிய வினாவன்று.

1825 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியினர், ஒல்லாந்தர் காலந்தொட்டு வழங்கிவந்த றிக்ஸ்டொலரை நீக்கி, ஸ்ரேலிங் பவுணே இத்தீவின் கணக்கு நாணயம் என விதித்தனர். ஒரு றிக்ஸ்டொலர் ஒரு சிலிங் ஆறு பென்சு என மதிக்கப்பட்டது. அரசாங்கப் பேரேடுகள் பவுணுக்கு மாறின, சந்தை மாறவில்லை. அங்கே இந்திய வெள்ளி ரூபாயே விரும்பப்பட்டது.

காரணம் எளிது. தீவுக்கு வேண்டிய அரிசியும் துணியும் இந்தியாவிலிருந்து வந்தன. விற்றவர் ரூபாயைக் கேட்டனர். பின்னர் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, பருவந்தோறும் வந்து மீண்ட தமிழ்த் தொழிலாளரும் தம் ஊரிற் செல்லும் காசையே கூலியாக விரும்பினர். சிலிங்கைக் கொண்டுபோனால் இராமநாதபுரத்துக் கிராமத்தில் அதனை யார் மாற்றித் தருவார்?

1836 இல் அரசாங்கம் இணங்கி, ரூபாய் ஒன்றுக்கு இரண்டு சிலிங் என மதிப்பிட்டது. அதுவும் ஏட்டு மதிப்பேயன்றிச் சந்தை மதிப்பன்று. கணக்குப் பவுணில், கொடுப்பனவு ரூபாயில் என்னும் இரட்டை வாழ்வு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1869 இல் ரூபாய் வரையறையின்றிச் செல்லும் என அறிவிக்கப்பட்டது. 1872 சனவரி முதலாந் திகதி தொடக்கம் நூறு சதங் கொண்ட ரூபாயே இலங்கையின் ஒரே சட்ட நாணயமாயிற்று. ஏட்டை எழுதியவர்களே சந்தைக்கு இறங்கி வந்தனர். (மட்டக்களப்பார் காசை இன்றும் 'சல்லி' என்பர்; சட்டத்துக்கு நாக்கும் எளிதில் வளைவதில்லை.)

இதனைக் கொண்டு பிட்கொயினும் அவ்வாறே வெல்லும் என வாதிடுதல் பிழை. ரூபாய் அரிசியை வாங்கிற்று. பாசிக்குடாக் கரையில் ஒரு கூறு மீன் வாங்கப் பிட்கொயினை நீட்டுவார் யார்? எல் சல்வடோர் நாட்டில் 2021 இல் அரசாங்கமே அதனைச் சட்ட நாணயமாக்கியும், மக்கள் பெரும்பாலும் டொலரையே வழங்கினர். 2025 இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. வேரூன்றாத வழக்கத்தை அடக்குதல் அரசுக்கு அரிய செயலன்று. அதே 2021 இல் இலங்கை மத்திய வங்கி, மெய்நிகர் நாணயம் வாங்க வங்கி அட்டைகளைப் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. நாட்டில் எவரும் பட்டினி கிடக்கவில்லை.

அரசாங்கத்தின் கை தளர்ந்தது வேறோரிடத்தில். அந்த ஆண்டில் டொலரின் உத்தியோக விலை ஏறத்தாழ 200 ரூபாயிற் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. உண்டியல்காரரோ அதற்கு மேலுங் கொடுத்தனர். வளைகுடா நாடுகளில் வீட்டுப்பணி செய்து, மட்டக்களப்பிலுள்ள பிள்ளைகளின் படிப்புக்கும் வீடு கட்டவும் பணம் அனுப்பும் தாய்க்கு, டொலர் ஒன்றிற் கிடைக்கும் இருபது ரூபாயும் பெரிது. எச்சரிக்கைகள் விடப்பட்டன, 2021 திசெம்பரில் டொலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. எனினும் 2020 இல் 710 கோடி டொலராயிருந்த வங்கிவழிப் பணம், 2022 இல் 379 கோடியாகச் சுருங்கிற்று. நாட்டின் நெருக்கடியும் அதற்குத் துணைநின்றது. 2022 மார்ச்சில் அவ்விலை தளர்த்தப்பட்டது. உத்தியோக விலையும் சந்தை விலையும் ஒன்றையொன்று நெருங்கிய பின்னர், 2023 இல் அத்தொகை 597 கோடியாக உயர்ந்தது.