பொருநைக் கரையில் ‘பொன்னியின் செல்வன்’

தமிழில் தோன்றிய சரித்திர நவீனங்களுள், பேராசிரியர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ போல மக்கள் உள்ளத்தை ஆட்கொண்ட நூல் பிறிதொன்றில்லை எனலாம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்து, ஐந்து பாகங்களாக விரிந்த அக்கதை, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதித் திரைப்படமாகவும் உருப்பெற்றது. காவிரி நாட்டுப் பெருமை பேசும் அந்நூலை, கடனா நதி பாயும் ஆழ்வார்குறிச்சிப் பகுதியில் இருந்து படிக்கும்போது நம்முள் ஒரு கேள்வி எழுகின்றது. நாம் பாண்டி நாட்டினர். இக்கதையில் நமக்கு அளிக்கப்பட்டுள்ள இடம் யாது?

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிடுவதே முறை. கல்வெட்டுகளில் பெயரளவில் கிடந்தோரைக் கல்கி உயிர்பெற்று நடமாடச் செய்தார். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராகக் குறிக்கப்பெறும் வல்லவரையர் வந்தியத்தேவரை இன்று தமிழறிந்த சிறுவரும் அறிவர். சமயப் பூசலை அவர் நகைச்சுவையாக மாற்றிய நயமும் போற்றத்தக்கது. வைணவ வீறு பேசித் தடியுடன் திரியும் ஆழ்வார்க்கடியானை வெறுப்பவர் எவர்? நாகைச் சூடாமணி விஹாரத்துப் பிக்குகளை அவர் பரிவோடு காட்டுவதும் நெஞ்சை நெகிழ்விக்கின்றது.

ஆயினும், இப்பரிவு பாண்டியர் பக்கம் திரும்பவில்லை. அவர்களைச் சார்ந்தோர் இக்கதையில் காட்டிலும் இருளிலும் மறைந்து சதி செய்வோராகவே வருகின்றனர். நாடிழந்தோரின் துயரம் நந்தினியின் பழியுணர்ச்சியாகச் சுருங்கிவிடுகின்றது. அந்த நந்தினியோ முழுதும் கற்பனைப் பாத்திரம்.

ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றி வரலாறு கூறுவதென்ன? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. அக்கொலைக்காகத் துரோகிகள் எனப்பட்ட சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களை அதிற் காண்கிறோம். இரவிதாசனுக்குப் ‘பஞ்சவன்’ என்றும், பரமேசுவரனுக்கு ‘இருமுடிச் சோழ’ என்றும் தொடங்கும் பிரமாதிராசப் பட்டங்கள் இருந்தன. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும். மற்றதோ சோழர் பெயரையே தாங்கியது. கொலைக்குக் காரணம் யாதென அக்கல்வெட்டு கூறவில்லை. உத்தம சோழர் மீது ஐயங்கொண்டார் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், அதனை மறுத்தார் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். அறிஞரிடையே முடிவுறாத வழக்கில், இரவிதாசனைப் பாண்டியரின் ஆபத்துதவிக் கூட்டத் தலைவனாக்கிக் கல்கி கதையை நடத்தினார். நாவலாசிரியருக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால், அவர் வரைந்த ஓவியத்தையே வரலாறு என வாசகர் கொள்ளத் தொடங்கியதுதான் நம்மை உறுத்துகின்றது.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். சோழர் வரலாற்றை விரித்தெழுதிய சாஸ்திரியார் பிறந்தது நமது பொருநைக் கரைக் கல்லிடைக்குறிச்சியில். ‘சோழர்’ நூலுக்கு முன்பே, 1929இல், பாண்டியர் வரலாற்றைத்தான் அவர் நூலாக்கினார். அதனைக் கதையாக்க ஒரு கல்கி வாய்க்கவில்லை!

சோழரும் பாண்டியரும் நல்லோர், தீயோர் என இருகூறாய் நின்றவரல்லர் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலுக்குச் சென்றாற் போதும். அங்குள்ள இராசேந்திர சோழ விண்ணகரம் சேர மன்னன் இராசசிங்கனால் எழுப்பப்பெற்றது. நிலம் பாண்டியருடையது, பெயர் சோழனுடையது, கட்டியவன் சேரன். வென்றாரும் தோற்றாரும் ஒரே மண்ணிற் கலந்து வாழ்ந்த வரலாற்றைக் கல் சொல்கிறது. கதை அதனைச் சொல்லாமல் விட்டது.

இரண்டாவது மனக்குறையும் உண்டு. ‘சுழற்காற்று’ என்னும் இரண்டாம் பாகத்தில், ஈழக் கடற்கரையில் மரக்கலத்தைக் கைப்பற்றும் அராபியர் வருகின்றனர். மொழி புரியாத முரடர் என்பதற்கு மேல் அவர்களுக்கு அங்கே முகமில்லை. பிக்குகளின் உள்ளத்தைத் தேடிக் கண்ட பேனா, இக்கடலோடிகளின் உள்ளத்தை ஏன் தேடவில்லை?

கதை நிகழும் காலத்திற்கு ஏறத்தாழ 120 ஆண்டுகள் முந்திய சான்றொன்று நம்மிடம் உள்ளது. தென்காசிக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் உள்ள கொல்லத்தில், கி.பி. 849இல் தரிசாப்பள்ளிச் செப்பேடு எழுதப்பெற்றது. கிறிஸ்தவப் பள்ளியொன்றுக்கு வேணாட்டு ஆட்சியாளர் அளித்த உரிமைகளைக் கூறும் அச்சாசனத்தில், கூபி எழுத்தில் முஸ்லிம்கள் சாட்சிக் கையொப்பமிட்டுள்ளனர். பிற சமயத்தாரின் உரிமைக்குச் சாட்சி நிற்கும் அளவுக்கு நம்பிக்கை பெற்றவர்கள் அவர்கள்.

கடனா நதி கலக்கும் பொருநை, கடலை அடையும் இடத்திற்கருகே பழைய காயல் துறைமுகம் விளங்கிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதனைக் கண்டு குறிப்பெழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், அங்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்ட ஜமாலுத்தீனையும், பாண்டியரின் அமைச்சராய் உயர்ந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானையும் குறிப்பிடுகிறார். இவர்கள் காலத்தாற் பிந்தியவர்களே. எனினும் அத்தகைய நம்பிக்கை ஒரே நாளில் விளைவதன்று. தலைமுறை தலைமுறையான வாணிப நேர்மையின் பயன் அது.

இவற்றையெல்லாம் கூறுவதால் கல்கியின் நூலைப் புறக்கணிக்கச் சொல்கிறோம் என எவரும் கருத வேண்டா. அந்நூலே நம்மிற் பலரைக் கல்வெட்டுகளின் பக்கம் திருப்பியது. அதன் குறையைக் காணும் கண்ணையும் அதுவே தந்தது. அந்தக் கண்கொண்டு மன்னார்கோயிலைப் பார்ப்போம், காயலைப் பார்ப்போம். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலில் பல சமயத்தாரும் கூடிநிற்கும் இந்தப் பொருநை வட்டாரத்தில், பாண்டியரையும் கடலோடி வந்த வணிகரையும் மனிதர்களாகக் காட்டும் ஒரு பெருங்கதைக்கு வேண்டிய பொருள் நிறையவே உள்ளது. ஒரு நாவலால் விளைந்த குறையை மற்றொரு நல்ல நாவலே தீர்க்கவல்லது. நம் இளைய எழுத்தாளர்கள் அப்பணிக்கு முன்வருதல் வேண்டும்.