எலி வளையும் ஏசி வழியும்

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது ஆவடியில் வீட்டு வாசலில் நிறுத்திய காரை மே மாதம்தான் எடுத்தேன். ஏசி போட்டதும் குடலைப் பிடுங்கும் நாற்றம். ப்ளோயரில் பஞ்சும் எலிப்புழுக்கையும், ஃபில்டரில் ஓட்டை. வைப்பருக்குக் கீழே வெளிக்காற்று போகும் வழியாத்தான் நுழைந்திருக்கிறது. ரசகற்பூர உருண்டை வைத்தேன். எலி போகல, எனக்குத்தான் தலைவலி.

அப்போதுதான் இருளர்கள் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டினேன். திருவள்ளூர், செங்கல்பட்டு வயல்களில் எலி பிடித்தவர்கள் அவர்கள். முதலில் வளையின் வாய்களைத் தேடி அடைப்பார்கள். ஒன்றில் மட்டும் வைக்கோல் புகையும் மண்பானையை வைத்து வாயால் ஊதுவார்கள். உதடும் கையும் வெந்துபோகும், புகை நெஞ்சுக்குள் இறங்கும். நம்ம சோற்றைக் காக்க அவர்கள் கொடுத்த விலை அது. உலக வங்கி 2003-இல் நிதி தந்த பிறகுதான் கையால் சுற்றும் இரும்புக் கருவி பலருக்குக் கிடைத்தது.

கருவி மாறினாலும் முதல் வேலை வாயைத் தேடுவதுதான். நான் அதைத்தான் செய்யல.

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும். அதைவிடச் சின்னக் கண் உள்ள எஃகு வலையை அந்த வழியில் பொருத்தினேன். வண்டியை நிறுத்தும்போது, வெளிக்காற்றை மூடும் உள்சுழற்சி பட்டனையும் போட்டுவிடுகிறேன். வலை கட்டுமுன் உள்ளே எலி இல்லைன்னு பார்த்துக்குங்க. இருந்தா அதுக்கு வெளியே வர வழி இருக்காது.