பிள்ளைக்கு எத்தனை கிலோ?

இன்று உடல் எடையைப் பற்றிப் பேசப் போகிறேன். உடனே, இளைப்பதற்கு வழி சொல்லப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். உயிருக்குப் போராடும் ஒரு குழந்தையின் எடையை, தராசில் ஏற்றாமலேயே, சில நொடிகளில் கணிப்பது எப்படி என்பதுதான் பேச்சு. இதற்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எங்கே இடம் என்பதையும் பார்த்துவிடலாம்.

கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிறது கம்போங் ராஜா. அருகிலே புளூ வேலி தேயிலைத் தோட்டம். வில்லியம் கேமரன் நில அளவைக்காக இந்த மலைக்கு வந்தது 1885இல். ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். காட்டை அழித்ததிலும், நாற்று நட்டதிலும், கொழுந்து பறித்ததிலும் தமிழர்களின் கைகள் இருந்தன.

தேயிலைத் தோட்டத்தில் எடை பார்ப்பதற்குக் குறைவே கிடையாது. பறித்த கொழுந்தைக் கூடையோடு நிறுப்பார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கு என்று கழிப்பார்கள். மீதியைக் கணக்கில் எழுதுவார்கள். அந்த எண்ணில்தான் குடும்பத்தின் அடுப்பு எரியும். ஆனால், அந்த நேரத்தில் ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் கிடந்த பிள்ளையை யார் எடை போட்டார்கள்? மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டங்களில் மருத்துவ வசதியும் பிள்ளைக் காப்பகமும் வேண்டும் என்றது. மருத்துவ வசதி என்பது பெரும்பாலும் ஒரு டிரஸ்ஸர். அவரே மருத்துவர், அவரே மருந்து கலப்பவர், புண்ணுக்குக் கட்டுப் போடுபவரும் அவரே. காய்ச்சலில் துவளும் பிள்ளைக்கு மருந்து எவ்வளவு என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் காலத்து மருந்துப் பாடங்களில் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் யங் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது. பிள்ளையின் வயதை, அதே வயதோடு 12ஐக் கூட்டிவரும் தொகையால் வகுக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு 4ஐ 16ஆல் வகுத்தால் கால் பங்கு. பெரியவருக்குத் தரும் அளவில் கால் பங்கு கொடு, அவ்வளவுதான். பிறகு கிளார்க் என்பவர் பெயரில் இன்னொரு கணக்கு வந்தது. பிள்ளையின் எடையைப் பவுண்டில் எடுத்து 150ஆல் வகுப்பது. வயதைவிட எடை நம்பகமானது என்று அப்போதே புரிந்திருந்தது. எடை போட நேரமும் தராசும் இருந்தால், சரி. இல்லாவிட்டால்?

எடை ஏன் அவ்வளவு முக்கியம்? குழந்தையின் உடலில் ஓடும் ரத்தமே கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர்தான். பத்துக் கிலோ பிள்ளைக்கு மொத்தம் 800 மில்லிலிட்டர். பெரியவருக்குச் சின்ன இழப்பாகத் தெரிவது அதற்குப் பெரிய ஆபத்து. அதனால் நரம்பில் ஏற்றும் நீரும், இதயத்தைத் தூண்டும் மருந்தும், இதயத்துக்குத் தரும் மின் அதிர்ச்சியும் கிலோ கணக்கில்தான். வலிப்பு நிற்காத பிள்ளைக்கு ஃபெனிடோயின் கொடுக்கிறார்கள், கிலோவுக்கு 20 மில்லிகிராம். நான்கு வயதுப் பிள்ளை 16 கிலோ என்று கணித்தால் 320 மில்லிகிராம். அந்தப் பிள்ளை உண்மையில் 13 கிலோதான் என்றால் கொடுத்திருக்க வேண்டியது 260. கூடுதலாகப் போன மருந்து ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கலாம், இதயத் துடிப்பைக் குலைக்கலாம். குறைத்துக் கொடுத்தாலோ வலிப்பு நிற்காது. இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தராசில் நிற்க வைக்கவும் முடியாது.

1980களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜேம்ஸ் புரோசலோ என்ற மருத்துவர் இதற்கு ஒரு நாடாவைச் செய்தார். தையல்காரர் நாடா மாதிரிதான். பிள்ளையைப் படுக்க வைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நாடாவை நீட்ட வேண்டும். குதிகால் எந்த நிறத்தில் விழுகிறதோ அதுவே எடை, அதிலேயே மருந்தின் அளவும் அச்சாகியிருக்கும். ஊதா என்றால் 10, 11 கிலோ. மஞ்சள் என்றால் 12 முதல் 14 வரை. பதறும் நேரத்தில் யாரும் பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம். ராபர்ட் லூட்டன் என்ற மருத்துவர் துணை சேர, 1988இல் இதன் ஆய்வு வெளிவந்தது. அவசர மருத்துவத்தில் எளிமையான நல்ல யோசனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நாடா இல்லாத இடத்தில் வாய்பாடு. வயதோடு 4ஐக் கூட்டி 2ஆல் பெருக்கு. நான்கு வயதுக்கு 16 கிலோ, பத்து வயதுக்கு 28 கிலோ. பிரிட்டிஷ் பயிற்சி நூல்கள் வழியே உலகெங்கும் பரவியது இது. மலேசிய மருத்துவமனைகளுக்கான குழந்தை மருத்துவ நெறிமுறை நூலிலும் இதே வாய்பாடு இடம்பெற்றது.

இனிமேல்தான் கதையில் திருப்பம். 2007இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் பதினேழாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் எடையை இந்த வாய்பாட்டோடு ஒப்பிட்டார்கள். வாய்பாடு சராசரியாகப் பதினெட்டு விழுக்காட்டுக்கு மேல் குறைத்துச் சொன்னது! அந்த ஊர்ப் பிள்ளைகள் பெருத்துவிட்டார்கள். வயதை 3ஆல் பெருக்கி 7ஐக் கூட்டு என்று புது வாய்பாடு போட்டார்கள். பத்து வயதுக்கு இப்போது 37 கிலோ. மறு ஆண்டே, 2008இல், புரோசலோ நாடாவை இந்தியப் பிள்ளைகளிடம் சோதித்த ஆய்வு வெளிவந்தது. பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாடா பத்து விழுக்காட்டுக்கும் அதிகமாகக் கூட்டிச் சொன்னது. நாடா காட்டும் எடையில் பத்து விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள் ஆய்வாளர்கள்.

ஒரு கணக்கு ஓரிடத்தில் குறைத்துச் சொல்கிறது, ஒரு நாடா இன்னோரிடத்தில் கூட்டிச் சொல்கிறது. ஏன்? இரண்டுமே ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு காலத்தில் எடை போடப்பட்ட பிள்ளைகளின் சராசரி. அமெரிக்கப் பிள்ளைகளின் வளர்ச்சிப் புள்ளிவிவரத்தில் பிறந்தது புரோசலோ நாடா. அதைக் கம்போங் ராஜாவில் விரித்தால், நம் பிள்ளைக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் அமெரிக்கப் பிள்ளையும் படுத்திருக்கிறது.

சரி, நம் பிள்ளை எப்படிப்பட்டது? ஒரே விடை இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றது. அதே ஆய்வு, 5 முதல் 17 வயது வரையிலானவர்களில் ஏறக்குறைய முப்பது விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள் என்றும் சொன்னது. ஒரே வீட்டில் குட்டையான தம்பியும் குண்டான அண்ணனும் இருக்கலாம். இன்று தேயிலை மலையில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இல்லை. ஓராங் அஸ்லி பிள்ளைகள் இருக்கிறார்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருக்கலாம். இத்தனை பேருக்கும் ஒரே வாய்பாடு எப்படிப் பொருந்தும்?

மருத்துவர்கள் அடுத்துப் பார்த்த இடம் கை. 1960களின் இறுதியில், பியாஃப்ரா போரில் பட்டினி கிடந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க, குவேக்கர் தொண்டர்கள் மேல்கைச் சுற்றளவை அளந்தார்கள். தசையும் கொழுப்பும் அங்கே தெரியும். ஒல்லியா, குண்டா என்பதை உயரம் சொல்லாது, கை சொல்லும். 2010இல் ஹாங்காங் பிள்ளைகளிடமிருந்து இதை எடைக்கான கணக்காகவே மாற்றினார்கள். மேல்கைச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டரோ, அதில் 10ஐக் கழித்து 3ஆல் பெருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் கை என்றால் 24 கிலோ. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பொருந்தியது. 2012இல் அமெரிக்காவில் வந்த மெர்சி முறை மேல்கையின் நீளத்தையும் சுற்றளவையும் சேர்த்துப் பார்த்தது. பின்னர் அதை இந்தியப் பிள்ளைகளிடமும் சோதித்தார்கள்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1980இல் அங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துருண்டை. அவசர சிகிச்சையை நினைத்துச் செய்ததல்ல அது. ஆனால் கிராமத்துத் தாய்க்குத் தன் பிள்ளையின் கிலோ கணக்கு தெரிந்தது. அது சின்ன விஷயமா?

இல்லை என்கிறது மருத்துவ ஆராய்ச்சியே. எடைக் கணிப்பு முறைகளை எல்லாம் ஒன்றாக வைத்து ஒப்பிட்ட ஒரு தொகுப்பாய்வு 2016இல் வந்தது. வயதை வைத்துப் போடும் வாய்பாடுதான் ஆகக் கடைசி. உயரத்தை வைத்து அளக்கும் முறை அதைவிட மேல். மிக நெருங்கி வந்தவற்றில் ஒன்று எது தெரியுமா? பெற்றவர்கள் சொல்லும் எடை. ஆய்வுக்கூடத்தை எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் அம்மாவிடம்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்த எண் எழுதப்படும் இடமும் இருக்கிறது. தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தாதியர் எடை போட்டு எழுதித் தரும் பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம். பலருடைய வீட்டில் அது பிறப்புப் பத்திரத்தோடு அலமாரியின் அடியில் உறங்குகிறது. கம்போங் ராஜாவிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும். அந்தச் சாலை வந்ததே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் தானா ராத்தா போய், தாப்பா வழியே இறங்கினார்கள். எந்த வழியானாலும் மலைப்பாதை. மூடுபனியும் மண்சரிவும் கூடவே வரும். முதல் ஊசி பெரும்பாலும் மலையிலேயே போடப்படுகிறது. அந்த நேரத்தில் மருத்துவ உதவியாளர் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோம்மா?"

போன மாதம் போட்ட எடை புத்தகத்தில் இருந்தால், நாடா தேவையில்லை. ஒரு வருடத்துக்கு முந்தைய எடை என்றால், அதைச் சொல்லிவிட்டு, இப்போது கூடியிருக்கும் என்றும் சொல்ல வேண்டும். புத்தகமே இல்லாத பிள்ளைகளும் அந்த மலையில் உண்டு. ஆவணம் இல்லாத பெற்றோர், கிளினிக் வாசலுக்கே வரப் பயப்படுபவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்றும் நாடாவும், கைச் சுற்றளவும், அனுபவப்பட்ட ஒரு தாதியின் கண்ணும்தான்.