மறைபரப்பில் இசைவும் வலுவந்தமும்

கிறித்தவ நம்பிக்கையைப் பிறருக்கு எடுத்துச் சொல்லி அவர் மனம் இசையச் செய்வது ஒன்று. அச்சத்தையோ இழப்பையோ காட்டி அவரை அதற்குள் தள்ளுவது இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் கோடு எங்கே என்ற வழக்கு ஏறத்தாழ 1800 ஆண்டுகளாக நடந்துவருகிறது. இந்த வழக்கில் ஒரு விந்தை உண்டு. நம்பிக்கையை வாள்முனையில் புகட்டலாம் என்று வெளிப்படையாக எழுதிவைத்த திருச்சபை ஆசிரியர்கள் மிக அரிது. கூடாது என்ற விதியைப் பெரும்பாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட கையோடு ஒரு விலக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே இது விதியின் வரலாறு என்பதைவிட விலக்குகளின் வரலாறு என்பதே பொருந்தும். சொல்லுக்கும் வாளுக்கும் நடுவே குத்தகை, வரி, உத்தியோகம், வாரிசுரிமை, பள்ளிக்கூட அபராதம் எனப் பல படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் இசைவு முடிந்து வலுவந்தம் தொடங்குகிறது என்று கேட்டால், அழைத்தவரின் நோக்கத்தை ஆராய்ந்து விடை காண முடியாது. எல்லோருடைய நோக்கமும் அவரவர் எழுத்தில் தூயதாகவே இருக்கிறது. வர மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே நம்பத்தக்க அளவுகோல்.

தொடக்ககாலக் கிறித்தவர்கள் வலுவந்தத்துக்கு ஆளானவர்கள்; அதைக் கண்டிப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் 212ஆம் ஆண்டளவில் ஆளுநர் ஸ்கபுலாவுக்கு எழுதிய மடலில், எதை வழிபடுவது என்பது மனிதரின் உரிமை, ஒருவரைக் கட்டாயப்படுத்துவது மதத்தின் வேலையே இல்லை என்று வாதிட்டார். நூறாண்டு கழித்துக் கிறித்தவ எழுத்தாளர் லாக்டன்சியஸ் அதே வாதத்தை விரித்தெழுதினார். 313இல் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் எல்லா வழிபாட்டுக்கும் இடம் கொடுத்தனர். 380இல் தியோடோசியஸின் ஆணை ஒரே நம்பிக்கையைப் பேரரசின் நம்பிக்கையாக்கியது. சிறையிலிருந்தவர்கள் கைக்குச் சாவி வந்துசேர எழுபது ஆண்டுகூட ஆகவில்லை.

அந்தச் சாவியை என்ன செய்வது என்ற கேள்வியில் மனம் மாறியவர்களுள் முதன்மையானவர் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். வட ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற தொனாத்து சபையினரை வாதத்தால் மட்டுமே வெல்ல வேண்டும் என்பது அவருடைய முதல் நிலை. 405இல் பேரரசர் ஹொனோரியஸ் அச்சபைக்கு எதிராகச் சட்டம் இயற்றினார். 408ஆம் ஆண்டளவில் வின்சென்சியஸ் என்பவருக்கு எழுதிய மடலில், தம் சொந்த ஊரே சட்டத்துக்கு அஞ்சி ஒன்றுபட்டதையும், அப்படி வந்தவர்கள் பின்னர் நன்றி சொன்னதையும் காட்டி, தாம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அகுஸ்தீன் விளக்கினார். அதற்கு மறைநூல் சான்றாக லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வரும் விருந்து உவமையை எடுத்தார். வீடு நிறையும்படி வழியில் போகிறவர்களைக் கட்டாயப்படுத்தி உள்ளே அழைத்து வரும்படி வீட்டுத்தலைவன் பணியாளிடம் சொல்லும் இடம் அது. தமிழில் விருந்துக்கு ‘வருந்தி அழைப்பது’ என்றால் உபசாரம். இலையில் உட்காரும்வரை கையை விடமாட்டார்கள், ஆனால் வராதவர் வீட்டைக் கொளுத்துவதில்லை. உவமையிலுள்ள கிரேக்கச் சொல் இந்த உபசாரத்துக்கும் பொருந்தும், நிர்ப்பந்தத்துக்கும் பொருந்தும். அகுஸ்தீன் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். மரண தண்டனையை அவர் எதிர்த்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அவர் காட்டிய சான்றில் ஓட்டை இருக்கிறது: நன்றி சொன்னவர்கள் அவர் மடலில் பேசுகிறார்கள், சொத்தையும் சபையையும் இழந்து வாய்மூடியவர்கள் பேசுவதில்லை.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் விலக்குகள் நுட்பமாயின. போப் முதலாம் கிரகோரி 591இல் மார்செய், ஆர்ல் நகரங்களின் ஆயர்களுக்கு எழுதி, யூதர்களைக் கட்டாயமாகத் திருமுழுக்குக்குக் கொண்டுவருவதைக் கண்டித்தார். அதே கிரகோரி, சிசிலியில் திருச்சபை நிலங்களைப் பயிரிட்ட யூதர்கள் மதம் மாறினால் குத்தகையைக் குறைக்கச் சொன்னார். சார்டினியாவில் மாற மறுத்த குடியானவர்களுக்கு அதைத் தாங்கமுடியாதபடி உயர்த்தச் சொன்னார். பெற்றோர் அரைமனதோடு வந்தாலும் பிள்ளைகள் முழுமனதோடு வளர்வார்கள் என்பது அவர் கணக்கு. குறைத்தால் சலுகை, உயர்த்தினால் தண்டனை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். நிலம் ஒருவர் கையிலேயே இருக்கும்போது, பக்கத்துக் காட்டுக்காரன் மாறிக் குறைவாகக் கட்ட, மாறாதவன் பழைய குத்தகையையே கட்டுவதும் ஒருவகைத் தண்டம்தான். 633இல் கூடிய நான்காம் தொலேதோ சங்கம் இதைவிடத் தெளிவான முரண்பாட்டைச் சட்டமாக்கியது. இனி எந்த யூதரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. ஆனால் மன்னர் சிசெபுத் காலத்தில் ஏற்கெனவே கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் கிறித்தவராகவே இருந்தாக வேண்டும் என்றும் சொன்னது. கதவு திறந்த விதம் தவறு, பூட்டியது சரி என்பதே இதன் பொருள். 1201இல் போப் மூன்றாம் இன்னொசென்ட் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தார்: மிரட்டலுக்கு அஞ்சி நீரை ஏற்றவர் ஒருவகையில் இசைந்தவரே, கடைசிவரை மறுத்துக்கொண்டே இருந்தவர் மட்டுமே விடுபடுவார். தாமஸ் அக்வினாஸ் ஒருபோதும் ஏற்காதவரைக் கட்டாயப்படுத்தலாகாது, ஏற்றுப் பின் விலகியவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று வரையறுத்தார். நுழைவாயிலில் இசைவு, வெளிவாயிலில் வலுவந்தம்.

இடையில் பிராங்கிய மன்னர் சார்லமேன் நடத்திய சாக்சன் போர் இவ்வரலாற்றின் மிக மோசமான பக்கங்களுள் ஒன்று. 782இல் வெர்டன் என்ற இடத்தில் 4,500 சாக்சன்கள் ஒரே நாளில் கொல்லப்பட்டதாகச் சார்லமேனின் அரசவை ஆண்டுக்குறிப்பே பதிவுசெய்கிறது. திருமுழுக்கை மறுத்து ஒளிந்துகொள்பவருக்கு மரணம் என்றது அக்காலச் சட்டம். இதைத் தட்டிக்கேட்டவர் அதே அரசவையின் அறிஞர் அல்குயின். 796இல் அவர் எழுதிய மடல்களில், நம்பிக்கை மனம் சார்ந்தது, மனிதனை இழுக்கலாமே தவிர உந்தித் தள்ள முடியாது என்றார். புதிதாக வந்தவர்கள் மேல் சுமத்திய தசமபாகமே சாக்சன்களின் நம்பிக்கையைக் கெடுத்தது என்றும் சுட்டினார். 797இன் புதிய சட்டம் பல குற்றங்களுக்கு மரணத்துக்குப் பதில் அபராதம் விதித்தது. அல்குயினின் கண் வாளைத் தாண்டி வரியையும் பார்த்தது என்பதே அவர் சிறப்பு.

பதினாறாம் நூற்றாண்டில் விவாதம் கடல் கடந்தது. 1513இல் எழுதப்பட்ட ‘ரெக்கரிமியெந்தோ’ என்ற அறிவிப்பை ஸ்பானியப் படைகள் அமெரிக்கப் பழங்குடியினருக்கு அவர்கள் அறியாத மொழியில் வாசித்துவிட்டுப் போர் தொடங்கின. ஸ்பானியத் துறவி பர்த்தலோமே தெ லாஸ் கஸாஸ், எல்லா மக்களையும் அழைக்க ஒரே வழிதான் உண்டு, அது அறிவை இணங்கச்செய்து விருப்பத்தை மென்மையாக ஈர்ப்பது என்று தனி நூலே எழுதினார். 1537 முதல் குவாத்தமாலாவின் துசுலுத்லான் பகுதியில் படையின்றிப் போக முயன்றார். 1550-51இல் வயாதோலித் நகரில் ஸ்பானிய அறிஞர் செபுல்வேதா அவரை எதிர்த்து வாதாடியபோது கையில் எடுத்தது பழைய விருந்து உவமையைத்தான். ஆனால் செபுல்வேதா கட்டாயத் திருமுழுக்கைக் கேட்கவில்லை; முதலில் அடக்குவோம், பிறகு போதிப்போம் என்றார். அடங்கியவன் முன் நிகழும் போதனையை இசைவின் கணக்கில் எழுதுவது எப்படி என்பதை அவர் விளக்கவில்லை.

வலுவந்தத்தின் தரப்பில் மிகக் கூர்மையான வாதம் 1690இல் இங்கிலாந்தில் எழுந்தது. நம்பிக்கை விருப்பத்துக்கு அடங்காது, ஆகவே தண்டனையால் அதை உண்டாக்க முடியாது என்று ஜான் லாக் 1689இல் எழுதியிருந்தார். ஆக்ஸ்போர்டு குரு ஜோனாஸ் புரோஸ்ட் மறுத்தார்: தண்டனை நேரடியாக நம்பவைக்காது என்பது சரி, ஆனால் கேட்க மறுப்பவனைக் கேட்கவைக்கும், சிந்திக்க மறுப்பவனைச் சிந்திக்கவைக்கும்; பிறகு உண்மை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துப்போகிறோம், அங்கே அவர்கள் கற்றது பொய்யாகிவிடுவதில்லையே. ஆனால் சிந்தித்து முடித்த பிறகும் ஒருவர் மறுத்தால் தண்டனை நின்றுவிட வேண்டும்; எந்தச் சட்டமும் அப்படி நிற்கவில்லை, இசைந்தவர்மேல் மட்டுமே நின்றது. தண்டனை கேட்டது சிந்தனையை என்றால், சிந்தித்து மறுத்தவன் ஏன் தொடர்ந்து அபராதம் கட்டினான்? பிரான்சில் 1685இல் புராட்டஸ்டண்டினருக்கு இடம் கொடுத்திருந்த நாந்த் ஆணை நீக்கப்பட்டு அவர்கள் வீடுகளில் குதிரைப்படையினரைக் குடியேற்றிய காலத்தில், பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியர் பெய்ல் அந்த உவமைச் சொற்களுக்கே 1686இல் ஒரு விளக்கநூல் எழுதினார். உண்மை தங்களிடம் இருப்பதாக எல்லாத் தரப்பும் நம்புகிறது, ஆகவே உண்மைக்கு வலுவந்த உரிமை உண்டென்றால் எல்லோருக்கும் உண்டு என்றார். லாக்கின் வாதத்தைவிட இதுவே நிலைத்தது என்பது என் கருத்து. மனம் எப்படி இயங்குகிறது என்ற சிக்கலுக்குள் அது போகவே இல்லை.

இந்த வாதங்களைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம் ஒன்று உண்டென்றால் அது யாழ்ப்பாணம். 1619இல் போர்த்துக்கேயர் ஆட்சியின்கீழ் வந்த அப்பகுதியில் கோயில்கள் இடிக்கப்பட்டன, கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடம் கொடுப்பதே கடும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கத்தோலிக்கத் தேவாலயங்களும் பள்ளிகளும் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குப் போயின. யார் கழுத்திலும் கத்தி வைக்கப்படவில்லை. ஆனால் அரசு உத்தியோகத்துக்குச் சபை உறுப்பினராக இருக்க வேண்டும். திருமணமும் பிறப்பும் சபைப் பள்ளியின் பதிவேடான தோம்பில் ஏறினால்தான் வாரிசுரிமை சிக்கலின்றிச் செல்லும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அபராதம். போதகர் பால்டேயஸ் 1660களில் யாழ்ப்பாணப் பகுதியில் 60,000க்கு மேற்பட்ட கிறித்தவர்களைக் கணக்குக் காட்டினார். விரதநாளில் உண்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்த கதை யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகிறது. 1795-96இல் ஒல்லாந்தர் போனார்கள். 1806இல் அங்கு வந்த ஆங்கிலிக்கன் குரு கிளாடியஸ் புக்கானன் பாழடைந்த தேவாலயங்களையும், கிட்டத்தட்டக் கரைந்துபோன சபையையும் கண்டு வருந்தி எழுதினார். தோம்பில் இருந்த பெயர்கள் தோம்போடு போய்விட்டன.

அதே காலத்தில் அதே மண்ணில் எதிர்ச்சோதனையும் நடந்தது. கோவாவைச் சேர்ந்த குரு யோசேப் வாஸ் 1687இல் பரதேசி வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, கைவிடப்பட்டிருந்த கத்தோலிக்கர்களை இரவில் தேடிப் போனார். 1711இல் கண்டியில் இறந்தார். அவரிடம் கொடுக்க உத்தியோகம் இல்லை, பிடுங்க நிலம் இல்லை. அவரோடு சேர்வதுதான் ஆபத்து. அந்தச் சபை ஒல்லாந்தருக்குப் பின்னும் நின்றது. தூத்துக்குடிக் கரையிலும் இதே கதை: 1530களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்ற பரதவர், 1658க்குப் பின் ஒல்லாந்தர் ஆண்டபோதும் கத்தோலிக்கத்தை விடவில்லை.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. வாஸ் தேடிப்போன கத்தோலிக்கர்களின் பாட்டன்மாரில் பலர் போர்த்துக்கேய ஆட்சியின் அழுத்தத்தில் வந்தவர்கள்தாமே? சாக்சன்களின் வழிவந்த ஓட்டோ 962இல் கிறித்தவப் பேரரசராக முடிசூடவில்லையா? அப்படியானால் கிரகோரியின் கணக்கு பலித்தது என்றுதானே ஆகும்? பலித்த இடங்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பேரப்பிள்ளைகளின் நம்பிக்கையை உரமாக்கியது பாட்டன் காலத்து அழுத்தம் அன்று. அந்த அழுத்தம் நீங்கி, நம்புவதற்கே விலை கொடுக்க வேண்டிவந்த காலம்தான். பலிக்காத இடங்களின் கணக்கும் உண்டு. 1497இல் போர்த்துக்கலில் கட்டாயமாக மாற்றப்பட்ட யூதர்களின் வாரிசுகளைச் சபை தலைமுறைகள் கடந்தும் நம்பவில்லை; அவர்களை வேவுபார்க்க விசாரணை மன்றம் தேவைப்பட்டது. கட்டாயத்தால் வந்தவரின் உண்மைத்தன்மையைக் கட்டாயப்படுத்தியவரே சந்தேகிப்பது இம்முறையின் உள்நோய்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: பஞ்சகாலத்துக் கஞ்சி, மிஷன் பள்ளி, மருத்துவமனை எல்லாமே ஆசைகாட்டல்தானே? 1876-78 பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலியில் பெருந்திரளானோர் சபைகளில் சேர்ந்தபோது இக்கேள்வி கடுமையாக எழுந்தது. இங்கும் மறுத்தவரைத்தான் பார்க்க வேண்டும். சேராதவருக்கும் கஞ்சி ஊற்றிய இடத்தை வலுவந்தம் என்பது நியாயமில்லை. பெயர் கொடுத்தால்தான் கஞ்சி என்ற இடத்தை வேறு பெயரால் அழைக்கவும் முடியாது. நோக்கம் கலந்திருந்தது என்பதாலேயே முடிவு போலியாகிவிடாது; மதிப்பும் நிழலும் தேடி வந்த ஒடுக்கப்பட்டவரைப் பார்த்து நீ சோற்றுக்கு வந்தாய் என்பதில் ஓர் ஆணவம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் அப்பஞ்சத்துக்கு முன்பே, மிஷன்களின் ஈர்ப்புக்குத் தடைச்சட்டம் கேட்டு நிற்காமல் வேறு பதில் கொடுத்தார். 1847 கடைசி நாளன்று வண்ணார்பண்ணையில் சைவப் பிரசங்கம் தொடங்கினார், மறுவருடம் சைவப் பள்ளி திறந்தார், அச்சுக்கூடம் வைத்தார். பிரசங்கத்துக்குப் பிரசங்கம், பள்ளிக்குப் பள்ளி. மிஷன் பள்ளியை மறுத்த பிள்ளைக்குப் போக இடம் கிடைத்தது.

திருச்சபைகள் இக்கேள்வியைத் தமக்குள் தீர்த்துக்கொள்ள இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை குறித்த ஏட்டை வெளியிட்டது. 2011இல் வத்திக்கான், உலகத் திருச்சபைகள் மன்றம், உலக நற்செய்திக் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து, ஏழ்மையையும் தேவையையும் பயன்படுத்தி ஆள்சேர்ப்பதைக் கண்டிக்கும் நெறிமுறையை ஏற்றன. இந்தியாவில் கோடு கிழிக்கும் பொறுப்பு சட்டத்துக்குப் போனது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1977இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. அவ்வழக்கில் நிலைநிறுத்தப்பட்ட ஒரிசாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் தெய்வக் குற்றம் நேரும் என்ற மிரட்டலையும் வலுவந்தத்தில் சேர்க்கிறது. அப்படிப் பார்த்தால் நரகத்தைப் பற்றிய எந்தப் பிரசங்கமும் தப்பாது. தமிழ்நாடு 2002இல் இத்தகைய சட்டம் கொண்டுவந்து 2004இல் விலக்கிக்கொண்டது. அளவுகோலை அரசின் மேலும் வைத்துப் பார்க்கலாம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராகும் தலித் அந்த உரிமையை இழக்கிறார். இந்துவாகத் திரும்பி, தம் சாதியினர் ஏற்றுக்கொண்டால் மீண்டும் பெறுகிறார்.