இரண்டாம் பாகம் வராத நூல்

அலுவலகத்தை இன்றும் கந்தோர் என்கிறோம். மேசையின் இழுப்பறை நமக்கு லாச்சி. இவை ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்கள். அவர்களுடைய வரலாற்றை எழுதப் புகுந்து பாதியில் நின்றுபோன ஒரு நூலைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

நூலாசிரியர் ஆர். ஜீ. அந்தோனிஸ். 1852இல் காலியிலே பிறந்த பறங்கியர். அரசாங்க ஆவணக் காப்பாளராக இருந்து, கொழும்பில் குவிந்து கிடந்த ஒல்லாந்த ஏடுகளை ஒழுங்குபடுத்தி, 1907இல் அவை பற்றி ஓர் அறிக்கையும் வெளியிட்டார். 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றவரும் அவரே. 'இலங்கையில் ஒல்லாந்தர்' என்ற அவரது ஆங்கில நூலின் முதற்பாகம் 1929இல் வந்தது. ஒன்றரை நூற்றாண்டு ஆட்சியைச் சொல்லப்போவதாகத் தலைப்பு வாக்களிக்கிறது. முதற்பாகமோ ஆரம்ப வருகையோடும் குடியேற்றத்தோடும் நின்றுவிடுகிறது. மறு ஆண்டிலேயே, 1930இல், அவர் காலமானார். இரண்டாம் பாகம் வரவேயில்லை.

முதற்பாகத்தின் காலம் சுவையானது. 1602இல் ஸ்பில்பேர்கன் கண்டிக்கு வந்து விமலதர்மசூரியனைக் கண்டான். 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரைத் துரத்துவதற்காக ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாமா என்பதே பின்னர் பெரும் வழக்காயிற்று. அரசனிடமிருந்த பிரதியில் 'அரசர் விரும்பினால்' என்ற சொற்கள் இருந்தன. ஒல்லாந்தரின் பிரதியில் அவை இல்லை. பாடபேதம் என்றால் ஏட்டுச் சுவடிக்காரரின் தலைவலி என்று நினைக்கிறோம். இங்கே இரண்டே சொற்களில் ஒரு கரையோரம் முழுவதும் கைமாறிற்று! இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் சொல்வதில் வியப்பில்லை.

அந்தோனிஸ் தம் முன்னோரிடம் பரிவு கொண்டவர். அதை மனத்திற் கொண்டே அவரைப் படிக்கவேண்டும். எனினும் மூல ஆவணங்களில் அவ்வளவு காலம் உழைத்தவர் அன்று வேறு எவருண்டு?

எழுதப்படாத பாகத்தின் காலத்திலேதான் நம்முடைய கதை கிடக்கிறது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை அக்காலத்தது. தமிழாக்கத்தைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்புதல் தந்தார்கள். யாழ்ப்பாணத்தார் காணி வழக்குகளில் அது இன்றும் பேசுகிறது. ஓர் ஒல்லாந்த அதிகாரியின் விருப்பப்படி மயில்வாகனப் புலவர் 'யாழ்ப்பாண வைபவமாலை' செய்ததும் அக்காலத்திலே.

நம் மலைநாட்டுக்கும் பங்குண்டு. 1765இல் வான் எக் கண்டியைப் பிடித்தான்; நிலைக்க முடியவில்லை. ஆயினும் 1766 உடன்படிக்கையால் கீர்த்திஸ்ரீ இராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுத்தான். கடலைக் காணாத நாடு உப்புக்குக்கூட ஒல்லாந்தர் கையைப் பார்க்கவேண்டியதாயிற்று. அந்தோனிஸ் இதை எப்படி எழுதியிருப்பார்? தம்மவருக்காக வாதாடியிருப்பார் என்றே எண்ணுகிறேன். அந்த வாதத்தைப் படித்து மறுக்கும் வாய்ப்பும் நமக்கு இல்லாமற் போயிற்று.

ஆனால் ஒன்று. அவர் மறைந்த அதே 1930இல் யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்தார் சின்னப்பா அரசரத்தினம். ஒல்லாந்த ஆவணங்களைப் படித்து 1658 முதல் 1687 வரையான ஆட்சியை அவர் எழுதிய நூல் 1958இல் வெளிவந்தது. அதற்கு முற்பட்ட இருபதாண்டுகளைப் பற்றிக் கே. டபிள்யூ. குணவர்தன எழுதிய நூலும் அதே ஆண்டில் வந்தது. ஒரு பறங்கியர் விட்ட இடத்தை ஒரு சிங்களவரும் ஒரு தமிழருமாகத் தொட்டார்கள். 1687க்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் ஒல்லாந்தர் இங்கே இருந்தனர். அக்காலத்து ஏடுகள் ஆயிரக்கணக்கில் கொழும்புச் சுவடிக்கூடத்தில் பழைய ஒல்லாந்தக் கையெழுத்தில் இருக்கின்றன.