பாராமகால் நிர்வாகிகள்

பாராமகால் என்பது இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி, திருப்பத்தூர் பகுதிகளை உள்ளடக்கிய நிலப்பரப்பின் பழைய பெயராகும். பன்னிரண்டு கோட்டைகளைக் குறித்து இப்பெயர் எழுந்ததாகப் பொதுவாகக் கூறுவர். ஆயினும் அக்கோட்டைகள் எவை என்பதில் பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை. சங்க காலத்தில் தகடூர் எனப்பட்ட தருமபுரி, அதியமான்களுக்குப் பின் பல அரசுகளின் கீழிருந்து, இறுதியில் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டது.

1792 மார்ச்சில் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நாட்டு மொழியறிந்த சிவில் அலுவலர்கள் சென்னையில் அரிதாக இருந்தமையால், தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் படை அதிகாரிகளையே நிர்வாகத்திற்கு அமர்த்தினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையேற்றுத் திருப்பத்தூரில் தங்கினார். அவருடைய உதவியாளர்களுள் கிரகாம் கிருட்டிணகிரியிலும், தாமஸ் மன்றோ தருமபுரியிலும், மெக்லியாட் சேலத்திலும் பொறுப்பேற்றனர்.

அடுத்த ஏழாண்டுகளைப் பற்றிய செய்திகளே மிகுதி; அந்நிர்வாகத்தின் எழுத்துக் குறிப்புகள் பின்னர் 'பாராமகால் ஆவணங்கள்' என்னும் தொகுதிகளாகச் சென்னையில் அச்சேறின. நிலங்களை அளந்து, தரம் பிரித்து, வரி குறிக்கும் பணி அப்போது நடந்தது. ரீட் முதலில் ஐந்தாண்டுக் குத்தகையை விரும்பினார். ஆனால் விளைச்சல் ஆண்டுக்காண்டு மாறும் மானாவாரி மண்ணில் உழவர்கள் நீண்ட காலத்திற்குக் கட்டுப்படத் தயங்கியதால், 1796 டிசம்பரில் விரும்பிய நிலத்தை ஆண்டுதோறும் ஏற்கவும் விடவும் அவர்களுக்கு உரிமை அளித்து அறிவித்தார். அரசு இடைத்தரகரின்றி உழவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறைக்கு இதுவே வித்து என்பர். அம்முறையின் மூலவர் ரீடா, மன்றோவா என்பது ஆய்வாளரிடையே தீராத வினா; தொடக்கம் ரீடினுடையது எனவும், கோட்பாடாக வளர்த்து நிலைநாட்டியவர் மன்றோ எனவும் பிரித்துக் கூறுவது பெரும்பாலோர் வழக்கு.

மன்றோ கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்று, உழவர்களுடன் நேரில் பேசி வரி முடித்தவர். தருமபுரியில் அவர் ஒரு வீடும் தோட்டமும் அமைத்தார். அத்தோட்டத்தின்மீது அவர் வைத்த பற்றை, வரிக்கணக்குகளுக்கிடையே அவர் உறவினருக்கு எழுதிய கடிதங்கள் அழகாகக் காட்டுகின்றன. 1799இல் மைசூர்ப் போர் மூளவே இக்குழு கலைந்தது. மன்றோ அங்கிருந்து கன்னட நாட்டுக்கு மாற்றப்பட்டார்.

அதன்பின் வங்காளத்தின் நிலையான நிலவரித் திட்டத்தைப் பின்பற்றி, நிலங்கள் மிட்டா எனப்படும் பண்ணைகளாக ஏலம் விடப்பட்டன. பல மிட்டாக்கள் நிலைக்கவில்லை. 1820இல் சென்னை ஆளுநரான மன்றோவின் காலத்தில் ரயத்துவாரி மீண்டும் வலுப்பெற்றது. 1827இல் அவர் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். அவர் நினைவாகத் தருமபுரியில் ஒரு தூண் நிற்கிறது.

நீண்டகாலம் சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரி, 1965இல் தனி மாவட்டமாகி, 2004இல் கிருட்டிணகிரியைப் பிரித்துக் கொடுத்தது.